பொம்மைக்கு வைத்த மீசை

நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சேர்ந்து நினைவு மலர் போடுகிறோம், நீயும் ஏதாவது எழுதிக் கொடு என்று வாட்சாப் குழுவில் ஓயாமல் நச்சரிக்கிறீர்கள். ‘பசுமையான நினைவுகளாக இருக்கட்டும்’ என்று வேறு போட்டிருக்கிறீர்கள், பக்கத்தில் பூச்செண்டுப் படத்தோடு. பசுமைக்கு என்ன குறைச்சல்? தோட்டம் முழுக்கப் பச்சையாகத்தான் இருந்தது. நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் ஓடிய சாக்கடைகூடப் பச்சைதான்.

காலையில் யாராவது ஒருவர் பழைய லயத்தின் படத்தைப் போடுகிறார். உடனே ‘அது ஒரு பொற்காலம்’, ‘அந்த ஒற்றுமை இப்ப எங்கே’ என்று வரிசையாக வந்து விழுகின்றன. பேரன் பேத்தி எடுத்துவிட்டோம், இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கிறோம், இன்னுமா இந்தப் பொய்? ஒற்றுமை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. தோட்டமே ஒன்றாகச் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையைப் பள்ளிக்கூட லோரியிலிருந்து கீழே இறக்கியதே, ஒற்றுமை இல்லாமல் அது நடக்குமா?

அந்தப் பெண் என் அக்கா. உங்களில் சிலருடைய அண்ணன்மார் அந்த லோரியில் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் என்னைப்போல வழியில் நின்று வேடிக்கை பார்த்தீர்கள். நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள், நம்மைக் குறை சொல்ல வரவில்லை. பெரியவர்களைத்தான் சொல்கிறேன். அவர்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. அதனால் பயப்படாமல் படியுங்கள்.

அது ரப்பர்க் கொட்டை வெடிக்கும் பருவம். மத்தியான வெயிலில் தலைக்கு மேலே படார் படார் என்று வெடித்து, கொட்டைகள் தகரக்கூரையில் விழுந்து உருளுமே, அந்த மாதங்கள். அக்கா ஆறாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தாள். ஜனவரி பிறந்தால் பீடோங்கில் இருந்த இடைநிலைப்பள்ளிக்கு, தமிழ்ப்பள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கான புகுமுக வகுப்பில் சேரப் போக வேண்டும். எங்கள் லயத்தில் அதுவரை எந்தப் பெண்ணும் ஆறாம் வகுப்பைத் தாண்டியதில்லை. ஆறு முடித்த கையோடு அம்மாக்களுக்குப் பின்னால் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் ‘நான் போவேன்’ என்று நின்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓவியத்துக்கென்றே தனி அறை இருக்கிறது, வண்ணமும் தூரிகையும் அங்கேயே கொடுப்பார்கள் என்று பெரிய வாத்தியார் ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. சோறு தின்னும்போதும் அந்த அறை, குளிக்கும்போதும் அந்த அறை.

அக்காவின் கோழிக்கூடு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோழியெல்லாம் சீக்கு வந்து செத்த பிறகு, குசினிக்குப் பின்னால் சும்மா கிடந்த கூட்டை அவள் எடுத்துக்கொண்டாள். உள்ளே போய்ப் பார்க்க டிக்கெட் உண்டு. ஏதாவது ஒரு குப்பையைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதுதான் டிக்கெட். உடைந்த மங்கு, ஓட்டை வாளி, சைக்கிள் கம்பி, பல் போன சீப்பு என்று நீங்களும் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனீர்கள். பால் வடிகிற அந்த மங்குகளில் இரண்டை ஒன்றோடு ஒன்று கவிழ்த்து ஓர் ஆந்தை செய்து வைத்திருந்தாள். குடைக்கம்பிகளை வளைத்து ஒரு கொக்கு. பால்டின் தகரத்தில் ஒரு பெரிய சில்வண்டு. அதற்குச் சிறகு, ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தூக்கிப் போட்ட எக்ஸ்ரே படம். யாருடையதோ விலா எலும்புகள் அந்தச் சிறகில் வரிவரியாகத் தெரியும். கோடி வீட்டுத் தாத்தா ஒருவர் வந்து, கூட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னா தாத்தா அப்படிப் பாக்குறீங்க?” என்றாள் அக்கா.

“என் நெஞ்சு மாதிரி இருக்குடி பாப்பா. போன வருசம் எடுத்தாங்க.”

“அப்ப நீங்க சீக்கிரம் பறந்துருவீங்க தாத்தா.”

தாத்தா கோபிக்கவில்லை, இருமி இருமிச் சிரித்தார். அக்காவின் வாய் அப்படி. முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாள். ‘இவ வாயி ஒருநாளைக்கி இவளையே திங்கும்’ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் அவளைத் தின்றது அவள் வாய் இல்லை.

செய்தவை ஒரு பக்கம் என்றால், கண்டெடுத்தவை மறுபக்கம். மரத்தோடு ஒட்டிக்கொண்டு முதுகு கிழிந்த சில்வண்டுக் கூடுகள், ஒரு கிழிசலும் இல்லாத முழுப் பாம்புச் சட்டை, அழுங்குச் செதில்கள், தூக்கணாங்குருவிக் கூடு. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பெலாங்காஸ் ஓடு. மெர்போக்கிலிருந்து மோட்டாரில் மீன் கொண்டுவருவாரே ஒரு மலாய்க்காரர், அவர் கொடுத்தது. ஆற்றுமுகத்துச் சேற்றில் கிடக்கும் ஒரு மாதிரி நண்டு அது. கவிழ்த்த சட்டி போல ஓடு, பின்னால் ஈட்டி மாதிரி ஒரு வால்.

“அடேக், இதுக்கு ரத்தம் சிவப்பு இல்ல. நீலம்,” என்று மீன்காரர் தன் உடைந்த தமிழில் சொன்னார்.

“அப்ப இதுக்கு வெக்கம் வந்தா மொகம் நீலமாப் போவுமா பாக்சிக்?”

அவர் தராசைப் பிடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த ஓட்டை அக்கா யாரையும் தொடவிட்டதில்லை. என்னைக்கூட.

இனி கிராணியார். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், துரைக்கு அடுத்தபடி தோட்டத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மொட்டைத் தலை, முன்னால் வந்துவிட்டுத்தான் ஆளைக் காட்டும் வயிறு, கையில் பிரம்பு, மூக்குக்குக் கீழே இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. பீடோங்குக்குப் போகும் பள்ளிக்கூட லோரியில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதும் அவர் கையில்தான். ஆபீஸ் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர்களின் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. லயத்துப் பிள்ளை என்றால் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நடப்பதென்றால் செம்மண் சடக்கில் வெகுதூரம். பெண்பிள்ளையை விடியலில் தனியாக யார் அனுப்புவார்? ஆக, லோரி கிடைத்தால் அக்காவுக்குப் பள்ளிக்கூடம். இல்லாவிட்டால் வாளி.

அம்மா காலையில் பால் வெட்டிவிட்டு, மத்தியானம் கிராணியார் வீட்டில் துணி துவைத்துக் கொடுப்பார். அந்த வருசம் கிராணியார் பீடோங் டவுனில் சொந்த வீடு கட்டி முடித்திருந்தார். அவர் மனைவி கிராணியம்மாவுக்குக் கண்ணேறு பயம்.

“கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றாராம் அம்மாவிடம். “வெறும் பூசணிக்காயில எனக்கு நம்பிக்க இல்ல. ஒன் மூத்தவ ஏதோ பொம்மயெல்லாம் செய்யிறாளாமே? வாசல்ல கட்ட ஒரு திருஷ்டி பொம்ம செஞ்சு குடுக்கச் சொல்லு. அசிங்கமா இருக்கணும். வர்றவன் போறவன் கண்ணெல்லாம் அதுமேலதான் விழணும். நல்லா வந்துச்சுன்னா ஐயாகிட்ட சொல்லி லோரியில எடம் வாங்கித் தர்றேன்.”

அம்மா வந்து சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

“அசிங்கமாத்தானே கேட்டாங்க? ஆளு கெடச்சிருச்சும்மா,” என்றாள்.

யாரைச் சொல்கிறாள் என்பது பெலாங்காஸ் ஓட்டை அவள் வெளியே எடுத்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. ஓடு, கிராணியாரின் வயிறு. பிய்த்தெடுத்த வால், அவர் கைப்பிரம்பு. தலைக்குப் பால்டின், அதைத் தேய்த்துத் தேய்த்து மொட்டைத் தலையின் பளபளப்பைக் கொண்டுவந்தாள். சைக்கிள் கம்பியில் கைகால், மூட்டுக்கு மூட்டு வளைத்த ஆணி, பித்தான் கண். மங்கில் உறைந்துபோன ஒட்டுப்பாலை உருக்கி உதடு வைத்தாள். நாற்றம் தாங்காமல் நான் வெளியே ஓடிவிட்டேன். அவள் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டுக்குப் பின்னால் சாக்குத் துணியை வைத்துத் தைக்கும்போது, வயிற்றுக்குள் தன் சாமான்களை ஒவ்வொன்றாக வைத்தாள். சில்வண்டுக் கூடுகள், அழுங்குச் செதில், கடைசியாக மடித்த பாம்புச் சட்டை. அவளிடம் இருந்ததிலேயே உசத்தியானவை அவை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“அதெல்லாம் ஏன்க்கா உள்ள வெக்கிற? யாருக்குமே தெரியாதே.”

“வெளிய அசிங்கமா இருக்கலாம்டி. உள்ள நல்லது இருந்தாத்தான் வீட்டுக்கு நல்லது,” என்றாள்.

அந்த நேரம் பார்த்து அம்மா என்னைக் கடைக்கு உப்பு வாங்க அனுப்பினார். திரும்பி வந்தபோது பொம்மைக்கு மீசை வந்திருந்தது. கருகருவென்று தடித்து, இரண்டு பக்கமும் முறுக்கிய அசல் கிராணியார் மீசை.

“முடி ஏதுக்கா?”

“ஆகாசத்துலேருந்து விழுந்துச்சு.”

அரிசி களைந்துகொண்டிருந்த அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

புதுமனை புகுவிழாவுக்குத் தோட்டமே லோரியில் போனது. வாசல் தூணில் பொம்மை தொங்கியது. முதலில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிராணியாரே வெளியே வந்தார். பொம்மையைப் பார்த்தார். வயிற்றைத் தள்ளிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றார்.

“டேய், யாருடா அழகு? நானா, இவனா?” என்றார்.

அதற்குப் பிறகு அடக்க முடியுமா? விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிராணியம்மா மட்டும் சிரிக்கவில்லை. கிராணியார் அக்காவைக் கூப்பிட்டுத் தலையில் கை வைத்தார்.

“ஜனவரியில லோரியில ஏறிக்க லா. முன்னால உக்காந்துக்க.”

அப்பாவுக்கு அன்று தலைகால் புரியவில்லை. அக்கா என் கையைப் பிடித்து நசுக்கிக்கொண்டே நின்றாள். எனக்கு வலித்தது, சொல்லவில்லை.

வாக்குக் கொடுத்தது அவ்வளவு சுலபம். தீபாவளி முடிந்து சில நாளில், டவுனிலிருந்து மோட்டாரில் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த கிராணியார் வழியில் லோங்கானில் விழுந்தார். இடது கால் முறிந்து சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரியில் கிடந்தார். சாக்கடையிலிருந்து அவரைத் தூக்கியவர் நம் மீன்காரர்தான். மறுநாள் காலை லயத்துக்கு மீன் கொண்டுவந்தபோது எல்லார் முன்னாலும் சொன்னார்.

“மாபோக் லா, அண்ணே. நல்ல போதை. பாட்டில் பக்கத்துல ஒடஞ்சி கெடக்குது. நான்தான் தூக்கினேன், என் சட்டையெல்லாம் வாடை.”

ஒருவரும் ‘அப்படியா’ என்று கேட்கவில்லை. ஏனென்றால் அது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. காலையில் பெரட்டில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது கிராணியார் வாயைத் திறந்தால் முன்வரிசையில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்வதற்கும் ஒரு பயிற்சி வேண்டும். அது நம் பெரியவர்களிடம் நிறைய இருந்தது. மீனை வாங்கினார்கள், போனார்கள்.

கிராணியம்மாவோ, ‘என் புருசன் தொட்டதே இல்ல’ என்று சத்தியம் செய்தார். தொடாதவர் பின்னே ஏன் விழுந்தார்? தூணில் தொங்கியவன்மேல் கண் போனது. பொம்மையின் இடது காலிலும் ஆணி இருந்தது. வலது காலிலும்தான் இருந்தது, அதை யார் பார்த்தார்கள்? இறக்கி, வயிற்றைக் கிழித்தார்கள். பாம்புச் சட்டை வந்தது. செத்த பூச்சிக் கூடுகள் வந்தன. என்ன மிருகத்தினுடையதோ தெரியாத செதில்கள் வந்தன. மேலே மனித முடி. அப்புறம் என்ன வேண்டும்? ‘செய்வினை’ என்ற சொல் பீடோங்கிலிருந்து கிளம்பி, கிராணியம்மா வந்து சேருவதற்கு முன்பே லயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியாண்டி கோயிலில் வைத்து விசாரித்தார்கள். தோட்டத்து எல்லையில், ஆலமரத்தடியில் இருந்ததே, அந்தக் கோயில்தான். கிராணியம்மாவுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். பூசாரி, வார நாளில் புல்லுக்கு மருந்து அடிக்கிறவர், சாமி வந்து பிரம்போடு நின்றார். கிழிந்த பொம்மை மண்ணில் கிடந்தது. அக்காவை அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். அப்பா ஒருபக்கம் கல்லாக நின்றார். அம்மா பெண்களோடு நின்றார், நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உள்ள ஏன் இதெல்லாம் வெச்ச?” என்று பூசாரி கேட்டார்.

“நல்ல சாமான் சாமி. எங்கிட்ட இருந்ததிலேயே நல்லது.”

“பாம்புச் சட்ட நல்லதா?”

“கிழியாம முழுசாக் கெடைக்காது சாமி.”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அது கிராணியம்மாவின் கோபத்தைக் கிளப்பிவிட்டது. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

“முடி யாருதுன்னு கேளுங்க! அத மொதல்ல கேளுங்க! இவங்க ஆத்தா என் வீட்டுல வேல செய்யிறா. இவளும் கூட வருவா. என் சீப்புலேருந்து எடுத்திருக்கா. என் முடியில என் புருசனுக்கு வெச்சிருக்கா!”

பூசாரி பிரம்பால் மீசையைத் தொட்டுக் காட்டினார். “சொல்லு. யாரு முடி இது?”

அக்கா தலையை நிமிர்த்தினாள். பூசாரியைப் பார்க்கவில்லை, கிராணியம்மாவையும் பார்க்கவில்லை. எங்கள் பக்கமாகப் பார்த்தாள். நான் என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்து முக்காடு போட்டுக்கொண்டார். கோயில் என்பதால் போடுகிறார் என்று அதையும் நினைத்துக்கொண்டேன்.

“தரையில கெடந்துச்சு,” என்றாள் அக்கா.

“எந்தத் தரையில?”

அக்கா மண்ணில் கிடந்த பொம்மையைப் பார்த்தாள்.

“யாரு வீட்டுத் தரையில?”

அப்பா இடுப்பு வாரைக் கழற்றினார். எத்தனை அடி என்றெல்லாம் நான் எண்ணவில்லை. மண்டோர் வந்து கையைப் பிடிக்கும்வரை அடித்தார். அக்கா வாயே திறக்கவில்லை. எத்தனை பேரைப் பேச்சாலேயே மடக்கியவள். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று நான் எத்தனையோ வருசம் ஆத்திரப்பட்டிருக்கிறேன்.

முடியால் செய்த குற்றத்துக்கு முடியே போகட்டும் என்று தீர்ப்பாயிற்று. மொட்டை அடித்தார்கள். அம்மா போய்க் கிராணியம்மாவின் காலில் விழுந்தார். அம்மாவை மட்டும் மன்னித்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். பொம்மையைக் கோயிலிலேயே கொளுத்தினார்கள். அப்புறம் லயத்துக்கு வந்து கோழிக்கூட்டையும் கொளுத்தினார்கள், உள்ளே இருந்த எல்லாவற்றோடும். எக்ஸ்ரே படம் எரிந்த புகையில் எங்கள் வரிசையே இருமியது. கோடி வீட்டுத் தாத்தா மட்டும் ‘பாவம்டா, பாவம்டா’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொன்னார்கள்.

பெரிய வாத்தியாரை விட்டுவிட்டேனே. அக்கா செய்த தகரக்குருவி ஒன்று அவர் மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருக்குமே, நம் எல்லாருக்கும் தெரியும். அதைப் பழைய பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினார். “நமக்கு எதுக்கு வம்பு” என்றார். மலரில் அவருக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஒதுக்குங்கள். நன்றாகத்தான் பாடம் நடத்தினார்.

ஆனாலும் அக்கா ஜனவரியை விடவில்லை. கிராணியார் வாயாலேயே ஏறிக்கொள் என்று சொன்னார் அல்லவா? பீடோங் பள்ளிக்கூடத்துச் சீருடையான நீலப் பினாபோரைப் போட்டுக்கொண்டு, முளைத்தும் முளைக்காத தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் போய் லோரியில் ஏறினாள். முன்னால் உட்காரவில்லை, பின்கடைசியில்தான் உட்கார்ந்தாள். மண்டோர் மனைவி வந்து லோரியின் முன்னால் நின்றார்.

“அவ ஏறினா எம் புள்ளைங்க எறங்கும். நீங்களே பாத்துக்குங்க.”

இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்து நின்றார்கள். லோரிக்காரர் தலையைச் சொறிந்தார்.

“எறங்கிக்கம்மா. நான் என்னா செய்ய முடியும்?” என்றார்.

ஆபீஸ் வராந்தாவில் கிராணியார் கட்டைகளை ஊன்றிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார். அவரைப் பொம்மை தள்ளிவிடவில்லை என்பது தோட்டத்திலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஒரு சொல் போதும். மீசையைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா வெட்டுக்குப் போய்விட்டிருந்தார். அன்றைக்குத் துணி நிறைய இருக்கிறது என்று அம்மாவும் விடியும் முன்னே கிராணியாரின் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தார். அக்கா இறங்கினாள். லோரி போன பிறகு கொஞ்ச நேரம் அந்தச் செம்மண்ணிலேயே நின்றாள்.

மறுவாரம் வாளி தூக்கினாள். பினாபோரை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். கிராணியார் வேறு தோட்டத்துக்கு மாறிப்போன பிறகு அதே பினாபோரைப் போட்டுக்கொண்டு அதே லோரியில் நான் போனேன். படித்தேன், வேலைக்கும் போனேன். அந்த ஓவிய அறையையும் பார்த்தேன். நான்கு மேசையும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் அங்கே இருந்தன. அதை அக்காவிடம் நான் சொல்லவே இல்லை.

அக்கா அதற்குப் பிறகு எதையும் செய்யவில்லை. கல்யாணம், சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலை, புருசன் சாவு, பிள்ளைகள் கோலாலம்பூர் போனது எல்லாம் வரிசையாக நடந்தது. அப்பா போன பிறகு அம்மாவைக் கடைசிவரை வைத்துப் பார்த்ததும் அவள்தான். வாய் மட்டும் மாறவில்லை.

போன மாதம் என் பேரனின் பள்ளியில், வீணாய்ப்போன சாமான்களில் கலைப்பொருள் செய்து டவுனிலுள்ள பேரங்காடியில் கண்காட்சி வைத்திருந்தார்கள். அக்காவையும் கூட்டிப் போனேன். குளிர்சாதனத்தில் நடுங்கிக்கொண்டு மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பாட்டில் மூடியில் மீன், கரண்டியில் பூ. ஓர் ஆந்தை இருந்தது, பழைய மங்குகளில் செய்தது. எங்கிருந்து பிடித்தார்களோ. பெற்றவர்கள் அதன் பக்கத்தில் பிள்ளையை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கையை நீட்டினாள்.

“ஆன்ட்டி, தொடாதீங்க லா, கம் இன்னும் காயல,” என்றாள் ஓர் இளம் ஆசிரியை.

“தொடல வாத்தியாரம்மா,” என்றாள் அக்கா. பிறகு என் காதருகே குனிந்தாள். “இதுக்கு யாரு காலுடி ஒடஞ்சிச்சு?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே சாப்பாட்டுக் கடையில் தேத்தாரிக்கை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டேவிட்டேன்.

“ஏன்க்கா, அது நெசமாவே கிராணியம்மா முடிதானா?”

அக்கா தேநீரில் படிந்த பாலாடையை விரலால் எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

“அம்மா முடிடி. சவுரி கட்டுறதுக்கு உதிந்த முடியெல்லாம் பிஸ்கட் டின்னுல சேத்து வெப்பாங்களே, அது. அவங்களே தொறந்து குடுத்தாங்க. ‘ஐயா மீசைக்கு இது எந்த மூலைக்கி, இன்னும் கொஞ்சம் எடுத்துக்க’ன்னு அள்ளிக் குடுத்தாங்க. நீ உப்பு வாங்கப் போயிருந்த.”

“அத அங்க சொல்றதுக்கென்ன?”

“வீட்டுல துணி தொவைக்கிற பொம்பள முடி, அந்த ஆளு மாதிரியே செஞ்ச பொம்மையில. வசியம்னு சொல்லியிருப்பாங்க. அப்பா என்னைய வாருல அடிச்சாரு. அம்மாவ பாராங்குல வெட்டியிருப்பாரு.”

“நீ அன்னிக்கி எங்க பக்கம் பாத்தியே?”

“அவங்களே ஏதாச்சும் சொல்லுவாங்களான்னு பாத்தேன். முக்காட்ட இழுத்துவிட்டுக்கிட்டாங்க. சரி, வேணாம்னு நெனச்சிக்கிட்டேன்.” தேநீரை ஒரு வாய் குடித்தாள். “சீனி அதிகம்டி இவன் கடையில.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. அந்த வயதில் என் பேத்திக்கு இன்னும் சோறு ஊட்டிவிடுகிறார்கள். நான் அம்மாவைத் தெய்வமாக நினைத்துக்கொண்டிருந்தவள். அவர் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைக்கிறவள். அம்மாவின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. குறை சொல்வதென்றால் அப்பாவைப் பிடித்து, கிராணியாரைப் பிடித்து, பார்த்துக்கொண்டு நின்ற தோட்டத்தைப் பிடித்து, எல்லாரையும் தாண்டித்தான் அம்மாவிடம் வர வேண்டும். ஆனால் வர வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த வெள்ளிக்கிழமை நான் பூ வைக்கவில்லை. அதற்கடுத்த வெள்ளி வைத்தேன். வேறு என்ன செய்வது?

இதை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது வேறு. அம்மா அக்கா வீட்டில் இருந்த கடைசி வருசங்களில் நான் அடிக்கடி போவேன். சாயங்காலம் அக்கா அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தலை வாரிவிடுவாள். வாரி முடித்ததும் சீப்பில் வந்த நரைமுடியை எடுத்து, விரலில் சுற்றி, குசினிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துப் பொசுக்குவாள். தினமும். வீடு முழுக்க வாடை அடிக்கும்.

“ஏன்க்கா இப்படி? குப்பையில போட்டா ஆகாதா?” என்று ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“குப்பையில போட்டா எவளாச்சும் எடுத்துப் பொம்ம செஞ்சிருவாடி,” என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். லீவுக்கு வந்திருந்த அவள் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தால் சத்தம் போடுவார், காற்றாடி வேகமாகச் சுற்றினால் சத்தம் போடுவார், விளக்கு வைக்கும் நேரத்தில் யாராவது நகம் வெட்டினால் தெருவுக்கே கேட்கும். முடி பொசுங்கும் வாடை வீட்டுக்கு ஆகாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அந்த வாடைக்கு மட்டும், சாகும்வரை, அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.